எட்டுப் பாதங்களுக்கு நான்கு டயர்

பவுன்தாய் சேலையைக் கணுக்காலுக்கு மேல் லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது பாதத்தை டயரின் மேல் வைத்து அழுத்தி, குதிகாலை ஒரு திருப்புத் திருப்பி, "இது ஆகாதுண்ணே, சந்து ரொம்பக் குறுகல், சேறு ஏறினா எறங்காது" என்றாள். அவள் காலை எடுத்ததும் ராசாங்கம் அந்த டயரைச் சுவரோரம் உருட்டிவிட்டு, அடுத்ததை உருட்டிவந்து, அவள் முன்னால் இரண்டு கைகளாலும் நிமிர்த்திப் பிடித்தான். பக்கத்தில் ஈசாக்கு குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரில் துருத்திய ரப்பர் பட்டன்களுக்கு நடுவில் விரலை விட்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய தம்பி யோசேப்பு, எதையும் பேசிப் பழக்கமில்லாதவன், ஒரு டயரின் மேல் ஏறி நின்று கண்ணை மூடியிருந்தான். சிலம்பாயிக்கு வயது கூடுதல் என்பதால் அவளுக்கு ஸ்டூல் போட்டிருந்தார்கள். அவள் அதில் உட்கார்ந்து, மடியில் ஒரு டயரைச் சாய்த்து, மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்தாள்.

"என்னத்தா, வாடை பிடிக்கலையா?" என்றார் கடைக்காரர் சேக் மைதீன்.

"பாய், எங்கால்ல இந்த வாடையோடதான் நான் சோறு திங்கணும். நீங்களா திங்கப்போறீங்க?"

பாய் சிரித்துக்கொண்டு அதைத் திரும்ப வாங்கி வைத்தார். லாரிக்காரர்கள், டிராக்டர்காரர்கள், குவாரிக்காரர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்தவர். பட்டியக்கல் எஸ்டேட்டிலிருந்து நான்கு பேர் தங்கள் பாதங்களுக்கு டயர் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னபோது, முதலில் ஜீப்பின் ரிம் அளவைக் கேட்டார், பிறகு, "தார் ரோட்டுல எம்புட்டு, மண்ணுல எம்புட்டு ஓடுவீங்க?" என்று கேட்டு, உடனே திருத்திக்கொண்டு, "நடப்பீங்க?" என்றார். டயரில் மூன்று சாதி உண்டு என்று விளக்கினார். ரோட்டு டயர், இழை இழையாக வரி போட்டது, தாரில் சத்தமில்லாமல் போகும், சேற்றில் வழுக்கும். சேற்று டயர், பட்டன் ஒவ்வொன்றும் பனங்கற்கண்டுக் கட்டி மாதிரி, எந்தச் சகதியிலும் ஏறும், ஆனால் கட்டாந்தரையில் உலுக்கி எடுத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஏ.டி. என்று ஒன்று, எல்லாத் தரைக்கும் பொது, அதிலேயே ஏழெட்டு ரகம்.

"வீட்டுத் தரை என்ன தரைம்மா?"

"சிமெண்டு, பாய்."

"அப்ப சேத்து டயர் வேணாம். சிமெண்டுல ஊளை விடும். பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான்."

"இப்ப மட்டும் வராமலா இருக்கான்?" என்றான் ஈசாக்கு.

எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற ஜீப்பின் பின்பக்கத்திலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. அங்கே கம்பளி விரித்து, பவுன்தாயின் புருஷன் சன்னாசியைப் படுக்கவைத்திருந்தார்கள். ராசாங்கம் மட்டும் சிரிக்கவில்லை. ஜீப் அவனுடையது. டயர் வாங்குகிறவனும் அவன்தான்.

போன ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், மிளகுக்கொடி கட்ட ஏறிய சன்னாசி மூங்கில் ஏணியோடு சாய்ந்து பாறையில் முதுகு அடிபட விழுந்தான். பவுன்தாய் ஈரத்தலையோடு ராசாங்கத்தின் வீட்டுக்கு ஓடிவந்தாள். பட்டியக்கல்லில் இருந்தது இரண்டு ஜீப். ஒன்று அப்போது பட்டறையில் கிடந்தது. மற்றது அவனுடையது, முற்றத்தில் தார்ப்பாய் போட்டு மூடி நின்றது. அதற்கு முதல் நாள்தான் அவன் போடிக்குப் போய் நான்கு புது டயர் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். புது டயரின் மேல் நிற்குமே மெல்லிய ரப்பர் முடி, அதுகூட உதிராமல் குத்திட்டு நின்றது. மறுநாள் லாட்ஜ்காரர் வந்து பார்த்துவிட்டு எந்த ஜீப்புக்குச் சீசன் முழுக்க டூரிஸ்ட் சவாரி என்று சொல்வதாக இருந்தது. கீழே போகும் பாதையிலோ ஜல்லி கொட்டியிருந்தார்கள், கத்தி மாதிரி உடைகல். பவுன்தாய் வாய் திறந்து சொல்லிமுடிப்பதற்குள் அவன் மனதில் ஓடியது அந்த ஜல்லிதான். அவன் வாய் சொன்னது, "டயர் சரியில்ல, பவுனு."

பட்டியக்கல்லில் ஒரு வழக்கம் இருந்தது. டிரைவர் டயர் சரியில்லை என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது. கெஞ்சக்கூடாது, கோபப்படக்கூடாது, குனிந்து பார்க்கவும் கூடாது. முன்னொரு காலத்தில் கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று வற்புறுத்தி ஏறிய ஒரு கூட்டம் மொட்டை டயரோடு வழுக்குப்பாறை வளைவில் பள்ளத்துக்குள் இறங்கிப்போனது. ஊரில் அந்த ஜீப்பில் ஆள் இழக்காத வீடு இல்லை. அதற்குப் பிறகு யாரும் எழுதாமல், யாரும் கூட்டம் போடாமல் அந்த வழக்கம் வந்தது. அதன் மறுபாதி, டிரைவர் அந்த வார்த்தையைப் பொய்யாகச் சொல்லமாட்டான் என்பது. அதை யாரும் சொல்லிக்கூட வைக்கவில்லை. அப்படி ஒருவன் சொல்வான் என்று அங்கே யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

எனவே பவுன்தாய் கேட்கவில்லை. "சரிண்ணே" என்று அப்படியே திரும்பிவிட்டாள். அவள் இன்னும் ஒரே ஒரு முறை, ஏண்ணே என்று இழுத்திருந்தால், சாவியை எடுத்திருப்போம் என்று ராசாங்கம் பல நாள் நினைத்துக்கொண்டான்; அப்படி நினைக்கிறபோதெல்லாம், அவள் கேட்காமல் போனதைக்கூட அவள் மேல் போடப் பார்க்கிறோமே என்று அவனுக்குக் காது சுட்டது.

கம்பளியில் தூளி கட்டி, மூங்கிலில் கோத்து, முன்னால் இடது பக்கம் பவுன்தாய், வலது பக்கம் ஈசாக்கு, பின்னால் சிலம்பாயியும் யோசேப்புமாகச் சன்னாசியைச் சுமந்துகொண்டு இறங்கினார்கள். வழுக்குப்பாறை வளைவில் கால்கள் வழுக்கின. ஒருவர் வழுக்க, அவரைப் பிடிக்கப்போய் மற்றவர் வழுக்க, சன்னாசி இரண்டாவது முறை பாறையில் விழுந்தான். ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்து வைத்துவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே இருந்ததைப் பிடிக்க முடியவில்லை. முதல் விழுதலிலேயே போயிருக்கும் என்று சிலர் சொன்னார்கள். இரண்டாவதில்தான் என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் ராசாங்கத்தின் ஜீப்பில் நான்கு டயரும் மொட்டையாக இருந்தன. பட்டன் இல்லை, வரி இல்லை, முடி இல்லை. முடியிறக்கிய தலை மாதிரி வழவழவென்று மழையில் மின்னின. தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்த அக்கம்பக்கத்தார், "பாவம், இதை வச்சுக்கிட்டு எப்படிப் போவான்?" என்றார்கள். அதே காலையில், ஆஸ்பத்திரி வராந்தாவில் தூங்கி எழுந்த பவுன்தாய் தரையில் கால் ஊன்றியபோது அது ஒட்டிப் பிடித்ததை உணர்ந்து, பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் வரிசை வரிசையாகக் கறுத்த பட்டன்கள் முளைத்திருந்தன. ஓரத்தில் மெல்லிய முடிகள். மற்ற மூன்று பேருக்கும் அதே போல. முன்னால் இடது டயர் பவுன்தாய்க்கு, முன்னால் வலது ஈசாக்குக்கு, பின்னால் உள்ளவை பின்னால் சுமந்தவர்களுக்கு.

எஸ்டேட் டிஸ்பென்சரி நர்சம்மா அதைப் பார்த்துவிட்டு, கால் ஆணி மாதிரிதான், ஆனால் வலி இல்லையென்றால் மருந்து வேண்டாம் என்றார். முடி எதற்கு என்று சிலம்பாயி கேட்டதற்கு, "எது முளைச்சாலும் மொதல்ல முடி இருக்கும்ல" என்றார். கங்காணி நான்கு பேரையும் சரிவான காட்டுக்கு மாற்றினான். மழையில் மற்றவர்கள் கொம்பு ஊன்றி நின்ற இடத்தில் அவர்கள் ஏலக்காய்ச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு வெற்றிலை மென்றபடி ஏறினார்கள். காப்புக்காட்டுக்குள் ஜீப் தடம் இருப்பதாகத் தகவல் கிடைத்து வந்த வனக்காவலர், எந்த ஜீப்பும் போக முடியாத ஓடை வழியாகத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போய், விறகு பொறுக்கிக்கொண்டிருந்த பவுன்தாயைக் கண்டு, அபராதம் வண்டிக்கா ஆளுக்கா என்று தெரியாமல், ஒரு கட்டு விறகைத் தானே தூக்கிக் கீழே இறக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். மாரியம்மன் கோயிலில் பிரச்சினை கொஞ்சம் பெரிதானது. காலில் ரப்பரோடு உள்ளே வரலாமா, அது செருப்புக் கணக்கில் வருமா என்று ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கப் பேசினார்கள். வாசலில் கழற்றி வைக்க முடியாதது எதுவோ அது பாதம்தான் என்று பூசாரி கடைசியில் சொன்னார். பங்குனியில் பெரிய வியாழன் அன்று பாதம் கழுவ உட்கார்ந்த ஈசாக்கின் கால்களை எடுத்துப் பார்த்த சாமியார், தண்ணீர் போதாது என்று பல் தேய்க்கும் பிரஷ் ஒன்று கேட்டு வாங்கி, பட்டன் சந்துகளில் இருந்த மண்ணையெல்லாம் பொறுமையாகத் தேய்த்து எடுத்தார், அன்றைக்கு ராத்திரிப் பூசை முடிய நடுச்சாமம் ஆகிவிட்டது.

படுத்த படுக்கையான சன்னாசி, காலையில் கண் விழித்ததும் மனைவியின் பாதத்தைத் தன் பக்கம் இழுத்து, பட்டன்களை விரலால் தடவித் தேய்மானம் பார்ப்பான். "உள்பக்கம் அதிகமாத் தேயுது. நீ கால அகட்டி நடக்குற. அலைன்மெண்டு பாக்கணும்" என்பான். "ஒம் முதுகுக்கு மொதல்ல பாரு" என்று அவள் காலை உருவிக்கொள்வாள்.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று ஊர் அதிகம் யோசிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தவர்கள், இத்தனை வருஷமாக அந்தப் பாதையில் ராசாங்கத்தின் டயர் தேய்ந்து தேய்ந்து விட்டுப்போன ரப்பரெல்லாம் கல்லிலும் மண்ணிலும் காத்திருந்து, அந்த நான்கு பேர் சுமந்துகொண்டு போனபோது ஏறி ஒட்டிக்கொண்டது என்று முடிவு செய்தார்கள். சித்திரையில் அவன் துணிந்து இன்னொரு செட் வாங்கி மாட்டினான். பயந்துபோய் வெறும் ரோட்டு டயராக வாங்கினான். விடிந்தால் அதுவும் மொட்டை. நான்கு பேரின் பாதங்களிலும் பழைய பட்டன் போய், இழை இழையாக ரோட்டு டயரின் வரி. அப்போது ஊருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்றைக்குத் தன்னால் போக முடியவில்லையே என்று ராசாங்கத்தின் மனசு கிடந்து உருகுகிறது, அந்த உருக்கம்தான் அவன் வாங்குகிற டயரையெல்லாம் சுமந்தவர்களின் காலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. எவனுக்கு வரும் இந்த மனசு?

அதன் பிறகு கோயிலில் விபூதித் தட்டை முதலில் அவனிடம் நீட்டினார்கள். டீக்கடையில் அவன் உட்கார இடம் விட்டார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையும் பெண்ணும் அவன் காலில் விழுந்தார்கள்; அப்போது குனிந்து அவர்களைத் தூக்கிவிடுகிறபோது, தன்னுடைய பாதம் மட்டும் எதுவுமில்லாமல் வெறும் தோலாக இருப்பதை அவன் பார்த்தான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு முறை வாயெடுத்தான். "நான் அன்னைக்கு..." என்று தொடங்கியதுமே, சிலம்பாயி அவன் தோளில் தட்டி, "போதும்ப்பா, அதையே நெனச்சு ஒடம்பக் கெடுத்துக்காத" என்று சொல்லிவிட்டாள்.

ஆனியில் மழை தொடங்கியதும் ரோட்டு டயரின் குணம் தெரிந்தது. பதினைந்து நாளைக்கு ஒரு முறை சன்னாசியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றி, காலுக்குக் கரண்ட் வைத்துக் கொண்டுவர வேண்டும். மொட்டை டயரோடு ஒரு வெயில் நாளில் மெல்ல இறக்கிய ஜீப், திரும்ப மலையேற முடியாமல் அடிவாரத்துச் செக்போஸ்ட்டிலேயே நின்றது. சமதரையில் மட்டும் ஓடியது. மலையிலிருந்து செக்போஸ்ட் வரைக்கும் தூளிதான். ஆடியில் ஒரு நாள் ஈசாக்கு சறுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். சன்னாசி விழவில்லை, விழப் பார்த்தான். மறுநாள் ஊரே ராசாங்கத்தின் வாசலுக்கு வந்தது.

"என்னப்பா ராசாங்கம், இப்படி ஒரு டயரைப் போட்டுட்டியே. ஒங் காலா இருந்தா போடுவியா?" என்றாள் சிலம்பாயி. உரிமையோடு கோபித்துக்கொள்கிற குரல். அடுத்த தடவை தாங்களும் கூட வருவோம் என்று நான்கு பேரும் சொல்லிவிட்டார்கள்.

அப்படித்தான் ஆஸ்பத்திரி முடிந்து, அதற்குப் பக்கத்திலேயே இருந்த சேக் மைதீன் கடைக்கு வந்திருந்தார்கள். ராசாங்கம் வேறு கடைக்குக் கூட்டிப்போகப் பார்த்தான். "இங்கிட்டே இருக்குல்ல, அவரை எதுக்கு அலைக்கழிக்க?" என்று பவுன்தாய் சன்னாசியைக் காட்டிச் சொல்லிவிட்டாள். ஐப்பசியில் அவன் புது டயர் வாங்கியது இதே கடையில்.

வெயில் உச்சிக்கு வந்தபோதும் முடிவாகவில்லை. ஈசாக்குக்குச் சேற்று டயர்தான் வேண்டும். முழங்கால் அடி அவனுக்குச் சேற்றில் கிடைத்தது. சிலம்பாயி அதன் கனத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தன்னால் ஆகாது என்றாள். பவுன்தாய் இரண்டுக்கும் நடுவில் நின்றாள். யோசேப்பு கண்ணைத் திறந்து, "எதுன்னாலும் சரி" என்றான். பாய் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, தொழுகைக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லி, வாசலில் ராசாங்கத்தின் பக்கம் திரும்பி, "ஏன் தம்பி, இம்புட்டுக் கொழப்பம் எதுக்கு? போன மழையில எடுத்துட்டுப் போனீங்களே ஒரு செட்டு, அந்த மழை..." என்று ஆரம்பித்தார்.

ராசாங்கம் கையில் பிடித்திருந்த டயர் தானாக உருண்டு சுவரில் முட்டி விழுந்தது.

"அது வேற ஆளு பாய்" என்று ஜீப்புக்குள்ளிருந்து சன்னாசியின் குரல் வந்தது. "எங்க ஊர்ல ரெண்டு ஜீப்பு. அது அந்த இன்னொருத்தன்."

பாய் ராசாங்கத்தின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "இருக்கும், இருக்கும். எனக்கு ஆளு மறந்துபோகுது" என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசல் பக்கம் நடந்தார்.

மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். ஜீப்பை ஜாக்கியில் தூக்க வேண்டும் என்பதால் போகும் முன் சன்னாசியைக் கம்பளியோடு தூக்கி வாசலில் இருந்த தாழ்ந்த பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். ராசாங்கம் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். சாலையில் ஒரு வாழைத்தார் லாரி போனது.

"மச்சான்" என்றான் கடைசியில்.

"என்ன மாப்ள?"

"ஒனக்கு எப்படி..."

"தூளியில கெடந்தேன்ல" என்றான் சன்னாசி. "ஒங்க வீட்டு முத்தம் வழியாத்தான தூக்கிட்டுப் போனாய்ங்க. காத்துல தார்ப்பாய் தூக்குச்சு. சொமக்குறவன் கண்ணு பாதையில இருக்கும். நான் கெடந்த ஒசரத்துக்கு டயருதான் தெரிஞ்சுச்சு. முடிகூடப் போகல."

ராசாங்கம் தரையைப் பார்த்தான். அடித்தால் தேவலை என்றிருந்தது; அடிக்க எழுந்திருக்கக்கூடிய உடம்பாக அது இல்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

"பவுனுகிட்ட..."

"சொல்லல."

"ஏன் மச்சான்?"

சன்னாசி யோசித்தான். யோசித்து வைக்காத விஷயம் போல முகத்தைச் சுருக்கினான். "சொன்னா ஒன்னைய நாலு பேரு காறித் துப்புவாய்ங்க. துப்பட்டும். அதுக்கில்ல. டயர் சரியில்லங்குற அந்தப் பேச்சு போயிரும்ல. நாளைக்கு நெசமாவே டயர் தேஞ்சு கெடக்குறவன் சொல்லுவான், எவன் நம்புவான்? நீ ராசாங்கம் மாதிரி சொல்றியான்னு ஏறி உக்காருவாய்ங்க. பிள்ளகுட்டியோட உக்காருவாய்ங்க." சற்று நிறுத்தி, "ஒன்னைய நல்லவன்னு நெனச்சுக் கெடக்கட்டும். அதையும் நீதான் சொமக்கணும்" என்றான்.

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கங்காணி அடுத்த நாள் வேலையைப் பிரித்துச் சொல்வது போலத்தான் சொன்னான்.

"இப்ப ஒண்ணு கேக்குறேன்" என்று தொடர்ந்தான். "அவெங்க எல்லாம் காலத்தான் பாக்குறாய்ங்க. பிடிக்குதா, வழுக்குதா, கனக்குதான்னு. மேல ஒருத்தன் கெடக்குறான்ல. ரோட்டு டயரு கெட்டி ரப்பரு, ஒவ்வொரு எட்டுக்கும் என் முதுகுல ஆணி அடிச்ச மாதிரி. சேத்து டயருன்னா நான் செத்தேன். மொத மொத பவுனு கால்ல வந்துச்சே, அது மெது. பிடிப்பும் இருந்துச்சு. தொட்டில்ல போற மாதிரி போனேன். அன்னைக்கு நீ போட்டிருந்த டயரு இருக்கான்னு பாரு மாப்ள."

ராசாங்கம் எழுந்து உள்ளே போனான். அதை அவன் காலையிலேயே பார்த்திருந்தான். மேல் தட்டில், மற்ற டயர்களுக்குப் பின்னால், உறை பிரிக்காமல் இருந்தது. காலையிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி உருட்டிக் காட்டியவன் அதை மட்டும் இறக்கவில்லை. இப்போது ஏணி போட்டு ஏறி, நான்கையும் ஒவ்வொன்றாக மார்போடு அணைத்து இறக்கினான். கட்டைவிரல் நகத்தால் ஒரு பட்டனை அழுத்தினான். நகம் பதிந்து, மெல்ல மீண்டது. சட்டையைத் தூக்கி, டயரைத் தன் முதுகுத்தண்டில் வைத்துச் சுவரோடு சாய்ந்து அழுத்திப் பார்த்தான். அதன் முடிகள் தோலில் உரசின.

டீ குடித்துவிட்டு வந்தவர்கள் முன்னால் அவன் முதல் டயரை நிமிர்த்திப் பிடித்தான். பவுன்தாய் பாதத்தை வைத்தாள். வைத்தவள் திருப்பிப் பார்க்கவில்லை, அழுத்திப் பார்க்கவில்லை, வைத்தபடியே நின்றாள். சொந்த வீட்டுப் படியில் கால் வைத்தவள் நிற்கிற நிற்பு.

"இதுதாண்ணே" என்றாள். "மொத வந்தது இதுதான்."

ஈசாக்கும் வைத்துப் பார்த்தான். "ஆமா, இதே சந்து, இதே பட்டன். எங்கிட்டு இருந்துச்சு இம்புட்டு நேரமா? இது சறுக்கவே இல்லையே." சிலம்பாயி மோந்து பார்த்து, இந்த வாடை பழகினதுதான் என்றாள். யோசேப்பு தலையை ஆட்டினான்.

பவுன்தாய் குனிந்தாள். டயரின் ஓரத்தில், புதிது என்று காட்டிக்கொண்டு குத்திட்டு நின்ற ஒரு முடியை நகத்தால் கிள்ளி எடுத்து, விரல்களுக்கு நடுவில் உருட்டினாள். தன் பாதத்தில் முளைத்திருந்தபோதும் அதை அவள் அப்படித்தான் கிள்ளிப் போட்டிருந்தாள். இப்போது அதை உருட்டிக்கொண்டே இருந்தாள். ராசாங்கம் டயரைப் பிடித்தபடி, அவள் நிமிர்வதற்காகக் காத்திருந்தான். கேட்பாள் என்று காத்திருந்தான். அவள் அந்த முடியைக் கீழே போட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இதையே மாட்டச் சொல்லுங்கண்ணே, வானம் கறுக்குது" என்றாள், ஜீப்பைப் பார்த்து.

டயர்கள் மொட்டையாவது விடிந்த பிறகுதான். அதுவரைக்கும் அவை டயர்கள். எனவே அன்று தூளி வேண்டாம், எல்லோரும் ஜீப்பிலேயே மேலே போய்விடலாம் என்று ஈசாக்குதான் சொன்னான். செக்போஸ்ட்டைத் தாண்டும்போது தூறல் விழுந்தது. ஏறத் தொடங்கியதும் மழை. ராசாங்கம் நான்கு சக்கரத்துக்குமான கியரைப் போட்டான். வண்டி ஜல்லியில் ஏறியது, சேற்றில் ஏறியது, பாதையை அறுத்துக்கொண்டு ஓடிய தண்ணீரில் இறங்கி ஏறியது. ஒரு இடத்திலும் சக்கரம் சும்மா சுழலவில்லை. பின்னால் கம்பளியில் கிடந்த சன்னாசி ஒரு முறைகூட முனகவில்லை. பவுன்தாய் அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். வழுக்குப்பாறை வளைவு வந்தது. ராசாங்கம் பற்களைக் கடித்துக்கொண்டு திருப்பினான். வளைவு பின்னால் போய்விட்டது. வேறொன்றும் நடக்கவில்லை. அவ்வளவு எளிதாகப் போய்விட்டது. பட்டியக்கல்லின் முதல் லயத்து வரிசை வீடுகள் மழைக்குள் தெரிந்தபோது, ஈசாக்கு வெளியே எட்டிப் பார்த்து, வாய்விட்டு, "அட, இம்புட்டு நேரந்தானா!" என்றான்.

வைப்பர் மட்டும் போய்வந்துகொண்டிருந்தது. ராசாங்கம் கண்ணாடியில் பார்க்காமல் ஓட்டினான்.

ஊர் கூடியிருந்தது. சன்னாசியைப் பூப்போல இறக்கினார்கள். புது டயரைச் சுற்றிச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, இந்தத் தடவை நல்லதாகப் பார்த்திருக்கிறான், கூடப் போனது நல்லதாகப் போயிற்று, இந்த மழைக்காலத்துக்குத் தாங்கும் என்றார்கள். ஒரு பெண் ராசாங்கத்தின் நெற்றியில் விபூதி பூசினாள். அவன் நெற்றியைக் கொடுத்துக்கொண்டு நின்றான். ஜீப்பை அவனுடைய முற்றத்தில் கொண்டுபோய் விட்டபோது மழை குறைந்திருந்தது. எல்லோரும் சன்னாசியின் வீட்டுப் பக்கம் பேசிக்கொண்டே போனார்கள். அங்கே அடுப்பு மூட்டிய புகை மேலே ஏற முடியாமல் கூரையிலேயே தங்கியது.

ராசாங்கம் தார்ப்பாயை எடுத்துவந்தான். மூடுவதற்கு முன்னால், விடிந்தால் பவுன்தாயின் பாதத்துக்குப் போகப்போகிற முன்பக்க இடது சக்கரத்தின் அருகில் ஈரத்தில் உட்கார்ந்தான். மலையேறி வந்தும் ஓரங்களில் முடிகள் நிறைய மிச்சமிருந்தன. அவன் ஒன்றை நகத்தால் பிடித்து, அடியோடு கிள்ளி எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். பிறகு அடுத்ததை. வாளியோடு குழாயடிக்குப் போன ஒரு பெண் அவனைத் தாண்டிப் போய், நிறைத்துக்கொண்டு திரும்பினாள். அவன் சக்கரத்தைக் கையால் தடவி, குத்துவது எதுவும் இல்லையென்று பார்த்துவிட்டு, முன்பக்க வலது சக்கரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தான்.